குளிரின் மீது சுமத்திய பழி

பள்ளிப் பருவத்தில் நாம் பயின்ற நிலநூலிலே உலகின் புல்வெளிகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. ரஷ்யாவில் ஸ்டெப்பி, அர்ஜென்டினாவில் பாம்பாஸ், வட அமெரிக்காவில் பிரெய்ரி என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, நாமும் திருப்பிச் சொல்லி மனனம் செய்தோம். பிரெய்ரி என்றால் கோதுமை. கோதுமை என்றால் வின்னிப்பெக் நகரம். தேர்வுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. அந்தச் சமவெளியை உழுதவர் யார், அங்கே இடம் கேட்டு வந்து வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் யார் என்னும் வினாக்கள் அந்தப் பாடத்தில் இல்லை. மழையின் அளவு இருந்தது. மனிதரின் வரலாறு இல்லை.

பல்லாண்டுகள் கழிந்தன. நம் குடும்பத்து இளைஞர் ஒருவர் பிழைப்பின் பொருட்டுக் கனடா நாட்டு எட்மன்டன் நகருக்குச் சென்றார். முதற் குளிர்காலத்தில் அவர் தெரிவித்த செய்தி வீட்டுப் பெண்களைக் கலங்கச் செய்துவிட்டது. உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை என்றும், மூச்சு விட்டால் அது மீசையிலேயே உறைந்து போகிறது என்றும் அவர் விளையாட்டாக எழுதியிருந்தார். “இந்தக் குளிர் நம்ம பிள்ளைக்கு ஒத்துக்காது, திரும்பி வரச் சொல்லுங்க” என்று அவருடைய உம்மம்மா மூன்று நாள் வரை சொல்லிக் கொண்டேயிருந்தார்கள். பிள்ளை திரும்பவில்லை. ஆடைக்கு மேல் ஆடை அணியக் கற்றுக் கொண்டார்; அங்கேயே நிலைத்தும் விட்டார்.

அவர் வாழும் ஊரின் வரலாற்றை அறியும் ஆவலால் சில நூல்களைப் புரட்டியபோதுதான், உம்மம்மா சொன்ன அதே சொற்களை ஓர் அரசாங்க ஆணையிலே கண்டு திடுக்கிட்டோம். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள், கனடா நாட்டு அமைச்சரவை ஓர் ஆணைக்கு ஒப்புதல் அளித்தது. கறுப்பின மக்கள் அந்நாட்டின் தட்பவெப்பத்துக்கும் தேவைகளுக்கும் ஏற்றவர்கள் அல்லர் எனக் கருதப்படுவதால், ஓராண்டுக் காலத்துக்கு அவர்கள் குடியேறத் தடை விதிக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். பேரன் மீது கொண்ட பாசத்தால் ஒரு மூதாட்டி சொல்வதையும், மனிதரை விரட்டும் பொருட்டு ஓர் அரசாங்கம் சொல்வதையும் ஒரே சொற்றொடர் தாங்கி நிற்பதைக் கண்டபோது, இந்த ஆணையின் முன்னும் பின்னும் நடந்தவற்றை அறிந்தே தீர வேண்டும் என்று தோன்றிற்று. அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

ஓக்லஹோமாவில் மூடிய கதவு

கதை கனடாவில் தொடங்கவில்லை. அதற்குத் தெற்கே, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓக்லஹோமாவில் தொடங்குகிறது. 1865-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர், தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்ப விரும்பிய கறுப்பின மக்கள் பலர் அப்பகுதிக்குச் சென்றனர். அப்போது அது தனி மாநிலமாகவில்லை. நிலம் கிடைத்தது; வாக்குரிமையும் இருந்தது. லாங்ஸ்டன், போலி போன்ற ஊர்களைத் தாமே நிறுவித் தாமே ஆண்டனர். அவ்வாறு கறுப்பின மக்களே அமைத்த ஊர்கள் அங்கே ஐம்பதுக்கும் மேல் இருந்தன. கடை அவர்களுடையது, பள்ளி அவர்களுடையது, செய்தித்தாளும் அவர்களுடையதே. அடிமைகளாகப் பிறந்தவர்கள் நிலக்கிழார்களாக வாழ்ந்து பார்த்த சில பொன்னான ஆண்டுகள் அவை.

1907-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ஓக்லஹோமா மாநில உரிமை பெற்றது. புதிய சட்டமன்றம் கூடியதும் கொண்டு வந்த முதற் சட்டமே, ரயில் பெட்டிகளிலும் நிலையங்களிலும் கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கும் சட்டம். 1910-இல் அவர்களுடைய வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. பறித்த விதம் தந்திரமானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கே வாக்கு என்றனர். ஆனால் 1866 ஜனவரி முதல் நாளன்று வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தேர்வு தேவையில்லை என்று விலக்கும் அளித்தனர். அந்த நாளில் எந்த அடிமையின் பாட்டனாருக்கு வாக்குரிமை இருந்திருக்க முடியும்? சட்டத்தில் நிறத்தின் பெயரே வரவில்லை. நிறம் மட்டுமே அதில் இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915-இல் அதைச் செல்லாது என அறிவித்தது. ஆனால் அதற்குள் பலர் மூட்டை கட்டிவிட்டனர். 1911 மே மாதத்தில் ஒகிமா என்னும் ஊரின் அருகே ஒரு தாயையும் மகனையும் ஒரு கும்பல் ஆற்றுப் பாலத்திலே தூக்கிலிட்டது. அத்தகைய மண்ணிலே பிள்ளைகளை வளர்க்க எந்தப் பெற்றோர்க்குத்தான் மனம் வரும்?

வடக்கிலிருந்து வந்த அழைப்பு

அந்நாளில் கனடாவோ ஆள் தேடி அலைந்து கொண்டிருந்தது. மேற்குச் சமவெளியை உழுவதற்கு ஆளில்லை. 1872-இல் இயற்றப்பட்ட நிலச் சட்டத்தின்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்துவோர்க்கு 160 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. மூன்றாண்டுகள் அங்கே வாழ்ந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தைத் திருத்திப் பயிரிட்டால் அது அவருக்கே சொந்தமாகும். இந்தச் செய்தியை ஐரோப்பாவெங்கும், அமெரிக்காவெங்கும் விளம்பரம் செய்தனர். ஓக்லஹோமாவில் கறுப்பின மக்கள் நடத்திய ஏடுகளிலும் அவ்விளம்பரங்கள் இடம் பெற்றன. 1905-இல் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் என்னும் இரு மாகாணங்கள் உருவாக்கப்பட்டன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. இலவச நிலம் என்று விளம்பரம் செய்யப்பட்டது எவருமற்ற நிலம் அன்று. கிரீ முதலிய பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த மண் அது. 1876-இல் கையெழுத்தான ஆறாம் உடன்படிக்கையும் 1899-இல் கையெழுத்தான எட்டாம் உடன்படிக்கையும் அம்மக்களைச் சிறு ஒதுக்கிடங்களுக்குள் அடக்கிய பின்னரே நிலம் பங்கிடப்பட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் இழப்பின் மீதுதான் மற்றொரு கூட்டத்தின் நம்பிக்கை எழுந்தது. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கிறது.

1908-க்கும் 1911-க்கும் இடையில் கனடாவின் சமவெளிக்கு வந்து சேர்ந்த கறுப்பின மக்கள் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். 1913 என்ற ஒரே ஆண்டில் கனடாவில் குடியேறியோர் 4,00,000 பேர் என்பதை நினைவிற் கொண்டால், இவர்கள் எத்துணைச் சிறிய கூட்டத்தினர் என்பது விளங்கும்.

முன்னமே சிலர் அங்கே வாழ்ந்தும் காட்டியிருந்தனர். அடிமையாகப் பிறந்த ஜான் வேர் என்பவர் 1882-இல் ஏறத்தாழ மூவாயிரம் மாடுகளை ஓட்டி வந்த குழுவினருடன் ஆல்பர்ட்டா பகுதிக்கு வந்தார். குதிரையேற்றத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. சொந்தமாகவே மாட்டுப் பண்ணை வைத்து வாழ்ந்த அவர் 1905-இல் குதிரை இடறி விழுந்து இறந்தபோது, கால்கரி நகரம் கண்டிராத அளவுக்கு மக்கள் திரண்டு வந்து அவரை அடக்கம் செய்தனர். ஒன்டாரியோவில் பிறந்த ஆல்பிரட் ஷாட் 1896-இல் சஸ்காச்சுவான் பகுதியின் கினிஸ்டினோ என்னும் சிற்றூருக்கு ஆசிரியராக வந்தார். மருத்துவப் படிப்பை முடித்துக் கொண்டு மீண்டும் அங்கேயே வந்து, பனியிலும் புயலிலும் குதிரை வண்டியிலே சென்று வெள்ளையர் வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்தார். அவரைப் பார்த்து எந்த நோயாளியும் ‘உமக்கு இந்தக் குளிர் ஒத்துக் கொள்ளாதே’ என்று கேட்டதாகத் தெரியவில்லை.

மனுக்களும் ஒரு பொய்யும்

தனி மனிதராக வந்தவரை ஏற்றுக் கொண்ட சமூகம், குடும்பம் குடும்பமாக வந்தவர்களைக் கண்டதும் அஞ்சியது. 1911 மார்ச்சு மாதத்தில் ஹென்றி ஸ்னீட் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 200 பேர் மனிடோபாவின் எல்லை ஊராகிய எமர்சனுக்கு ரயிலில் வந்து இறங்கினர். குதிரைகளும் உழவுக் கருவிகளும் சரக்குப் பெட்டிகளில் உடன் வந்தன. அதிகாரிகள் அவர்களைத் துருவித் துருவி ஆராய்ந்தனர். நோய் உண்டா என்று பார்த்தனர், இல்லை. கையில் பணம் உண்டா என்று பார்த்தனர்; இருந்தது. ஒழுக்கச் சான்று கேட்டனர், அதுவும் இருந்தது. சட்டப்படி தடுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உள்ளே விட்டனர்.

எட்மன்டனில் கூச்சல் எழுந்தது. வணிகர் மன்றம் ஒரு மனுவைத் தயாரித்தது. இருபத்தைந்தாயிரம் பேர் கூட வாழாத அந்நகரிலே 3,000-க்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். மாதர் சங்கமொன்றும் பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தனியே மனு அனுப்பியது. ஏப்ரல் மாதத்தில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கறுப்பர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து தன்னைத் தாக்கி வைர மோதிரத்தைப் பறித்துச் சென்றார் என்று கூறினாள். செய்தித்தாள்கள் அலறின. ஒருவர் கைது செய்யப்பட்டார். சில நாட்களில் அச்சிறுமியே உண்மையைச் சொன்னாள்: மோதிரத்தைத் தொலைத்தவள் அவளே, தண்டனைக்கு அஞ்சிக் கதை கட்டியிருக்கிறாள். கைதானவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் பொய் பரவிய வேகத்தில் மறுப்புப் பரவவில்லை. ஒரு குழந்தையின் அச்சம் யார் மீது பழியைப் போட்டால் எளிதில் நம்புவார்கள் என்பதை அறிந்து வைத்திருந்ததே, அதுதான் நம்மை வருத்துகிறது. அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் பெரியவர்கள் அல்லவா?

இவற்றின் முடிவாகவே ஆகஸ்டு ஆணை பிறந்தது. அவ்வாணை பிறப்பதற்கு வேண்டிய சட்டக் கதவு ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. 1910-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, கனடாவின் தட்பவெப்பத்துக்கோ தேவைகளுக்கோ ஏற்றதல்ல எனக் கருதப்படும் எந்த இனத்தையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆயினும், அமெரிக்காவின் மனத்தாங்கலையும் கனடாவிலேயே வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்களின் சினத்தையும் எண்ணித் தயங்கியதால் போலும், அவ்வாணை நடைமுறைக்கு வரவேயில்லை. அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் அது நீக்கப்பட்டது.

ஆணை இல்லாமலே காரியம் முடிந்தது. குடியேற்றத் துறையினர் ஓக்லஹோமாவுக்கு ஆட்களை அனுப்பினர். அவர்களுள் ஒருவர் சிகாகோ நகரத்துக் கறுப்பின மருத்துவர். கறுப்பினத் தேவாலயங்கள் தோறும் சென்று, வடக்கே சென்றால் குளிரில் மடிவீர்கள், நிலமும் நல்ல நிலமன்று என்று பேசுவதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி. அந்நியர் சொன்னால் ஐயுறுவார்கள். தம்மவர் சொன்னால் நம்புவார்கள் என்பதை அறிந்திருந்தனர். அதற்குப் பின்னர் வந்தோர் வெகு சிலரே.

குளிர் சொல்லும் சாட்சி

குளிரைக் காரணம் காட்டியவர்கள் அதை உண்மையாகவே நம்பினார்களா? நம்பியிருக்க முடியாது. 1783-ஐ ஒட்டி, அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில், ஏறத்தாழ மூவாயிரம் கறுப்பின மக்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறினர். அடிமைத்தளையை அறுத்துக் கொண்டு ஒன்டாரியோவுக்குத் தப்பி வந்தோர் பல்லாயிரவர். அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் அந்தக் குளிரிலேதான் வாழ்ந்து கொண்டிருந்தனர். இன்னுமொன்று. 1909-இல் வடமுனையை நோக்கிச் சென்ற ராபர்ட் பியரியின் குழுவிலே, பனிக்கட்டியின் மீது நாய்வண்டி செலுத்தி வழிகாட்டிச் சென்றவர் மாத்யூ ஹென்சன் என்னும் கறுப்பினத்தவர். உலகத்தின் உச்சிக் குளிர் ஏற்றுக் கொண்டவரின் இனத்துக்கு, இரண்டே ஆண்டுகள் கழித்து, எட்மன்டன் குளிர் ஒத்துக் கொள்ளாது என்று ஓர் அரசாங்கம் எழுதி வைத்தது!

இந்தச் சாக்கு நம் நாட்டவர் மீதும் வீசப்பட்டதுண்டு. பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங் 1908-இல் அளித்த அறிக்கையிலே, வெப்ப நாட்டுக்குப் பழகிய இந்தியர் கனடாவுக்கு ஏற்றவரல்லர் என்றும், அவர்களைத் தடுப்பது அவர்கள் துன்புறாமல் காக்கும் கருணையே என்றும் பொருள்படக் கூறினார். அவ்வாண்டிலேயே, பிறந்த நாட்டிலிருந்து இடையில் இறங்காமல் ஒரே பயணமாக வருவோர்க்கே அனுமதி என்னும் விதி வந்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே வருதற்குக் கப்பல் வசதியே அன்று இல்லை. 1914-இல் கொமகாட்டா மாரு என்னும் கப்பலில் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த 376 பேரும் இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டனர். அவர்களுள் 340 பேர் சீக்கியர், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். மிகச் சிலரைத் தவிர மற்றையோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு கதவுக்குச் செய்த பூட்டை மறு கதவுக்கும் போடலாம் என்பதற்கு இது சான்று.

காட்டைத் திருத்தியவர்கள்

கதவு சாத்தப்படுவதற்கு முன்னர் உள்ளே நுழைந்துவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? நம் நெஞ்சைக் கவர்ந்த பகுதி அதுவே.

ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலி, கீஸ்டோன், ஜங்கின்ஸ், கேம்ப்சி என்னும் நான்கு இடங்களிலும், சஸ்காச்சுவானில் மெய்ட்ஸ்டோன் ஊருக்கு வடக்கே எல்டன் என்னும் இடத்திலும் அவர்கள் குடியேறினர். ரயில் பாதையின் அருகிலிருந்த நல்ல நிலமெல்லாம் முன்னரே பிறர் கைக்குச் சென்றுவிட்டது. வெள்ளையரின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் சேர்ந்து வாழ்வதே பாதுகாப்பு என்றும் அவர்கள் எண்ணினர். எட்மன்டனுக்கு வடக்கே 160 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆம்பர் வேலிக்கு அப்போது பைன் கிரீக் என்று பெயர். அங்கே சமவெளியும் இல்லை, புல்வெளியும் இல்லை. அடர்ந்த காடு, காட்டின் நடுவே கால் வைத்தால் அமிழும் சதுப்பு, கோடையில் கொசுக்கூட்டம். 160 ஏக்கர் என்று காகிதத்தில் இருந்ததை, கோடரியால் ஒவ்வொரு மரமாக வெட்டி, ஒவ்வொரு வேராகப் பெயர்த்துத்தான் வயலாக்க வேண்டியிருந்தது.

வெட்டிய மரத்தைக் கொண்டே வீடு கட்டினர். இடுக்குகளை மண்ணும் பாசியும் கொண்டு அடைத்தனர். முதல் அறுவடை வரை உண்பதற்கு வேட்டை இறைச்சியும் காட்டுப் பழங்களும் துணை நின்றன. கையிருப்புக் கரைந்ததும் ஆண்கள் எட்மன்டனுக்கும் ரயில் பாதை அமைக்கும் இடங்களுக்கும் கூலி வேலைக்குச் சென்றனர். மாதக் கணக்கில் பெண்களே பிள்ளைகளுடன் அந்தக் காட்டில் தனித்திருந்து, விறகு பிளந்து, மாடு பார்த்து, பனிக்கட்டியை உருக்கி நீராக்கிக் குடும்பத்தைக் காத்தனர். ஆண்கள் சபர் சென்றுவிட, வீட்டையும் பிள்ளைகளையும் காத்து நின்ற பெண்களின் கதை நம் கடற்கரை ஊர்களுக்குப் புதிதன்று. ஆதலால் இந்தப் பகுதியைப் படித்தபோது அவர்கள் எமக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

சோறு நிச்சயமாவதற்கு முன்னரே அவர்கள் பொதுவில் செய்த காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஆம்பர் வேலியில் டோல்ஸ் என்ற பெயரிலே ஒரு பள்ளிக்கூடம் அமைத்தனர். தேவாலயம் எழுப்பினர். பின்னர் பேஸ்பால் குழு ஒன்றையும் அமைத்தனர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அவர்களுக்கு அந்த ஆட்டம். ஆம்பர் வேலிக் குழு வட ஆல்பர்ட்டா முழுவதும் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் அவ்வூர் மக்கள் கூடிக் களித்த விழாவுக்கு அண்டை ஊர் வெள்ளையரும் வந்து ஆட்டம் பார்த்து, உணவுண்டு சென்றனர். மனுக்களில் கையொப்பமிட்ட கைகள் ஒருபுறம் இருக்க, ஆட்டக்களத்தில் தட்டிய கைகளும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

எல்டனில் 1911-12-இல் அவர்கள் எழுப்பிய ஷைலோ பாப்டிஸ்ட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதன் படத்தை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். கோபுரமில்லை, அலங்காரமில்லை. பாப்ளர் மரத்தைக் கையாலேயே செதுக்கி அடுக்கிய சுவர்கள். அருகே ஒரு சிறு அடக்கத்தலம். எளிய கற்களே அடையாளம். அந்தச் சமூகத்தின் தாயாக விளங்கியவர் மேட்டி மேயஸ் என்னும் மூதாட்டி. அடிமையாகப் பிறந்து, விடுதலையைக் கண்டு, ஓக்லஹோமாவில் வாழ்ந்து, பின்னர் கணவர் ஜோசப் மேயஸுடனும் பிள்ளைகளுடனும் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தவர். சுற்றுவட்டாரத்தில் மருத்துவச்சியாக அவர் பிள்ளைப்பேறு பார்த்தார். கணவர் ஷைலோவின் முதல் போதகரானார். ஆனால் அதே வட்டாரத்தில் பள்ளி அமைக்கும் வேளை வந்தபோது, கறுப்பினப் பிள்ளைகள் தம் பிள்ளைகளுடன் அமர்வதை விரும்பாத வெள்ளைப் பெற்றோர்க்காகப் பள்ளி எல்லைகள் வளைத்து வரையப்பட்டன. பிள்ளையை ஏந்திய கை வேண்டும். அந்தக் கைக்குரியவரின் பேரப்பிள்ளை பக்கத்து இருக்கையில் வேண்டா! எல்லாக் குளிரினும் கடுங்குளிர் அதுதான்.

நகரத்தில் ஒரு தலைமுறை

நகரங்களிலும் சிலர் தங்கினர். எட்மன்டனில் பிற பாப்டிஸ்ட் தேவாலயங்களில் இடம் கிடைக்காமையால் 1910-இல் அவர்கள் தமக்கென ஷைலோ என்ற பெயரிலேயே ஒரு தேவாலயம் நிறுவினர். ஆண்களுக்குக் கிடைத்த நிலையான வேலை பெரும்பாலும் ஒன்றே: இரவுப் பயணிகள் உறங்கிச் செல்லும் ரயில் பெட்டிகளில் போர்ட்டர் வேலை. படுக்கை விரிப்பதும், காலணி துடைப்பதும், இரவெல்லாம் விழித்திருப்பதும் அவர்கள் கடமை. பயணிகள் அவர்கள் அனைவரையும் ஜார்ஜ் என்றே அழைத்தனர். தாய் தந்தையர் இட்ட பெயர் பெட்டிக்கு வெளியே நின்றுவிட்டது. ஆயினும் அந்தப் போர்ட்டர்கள் தொழிற்சங்கம் அமைத்து, 1945-இல் கனேடிய பசிபிக் ரயில்வேயுடன் ஒப்பந்தம் செய்து கொண்டனர்.

உரிமைக்காக நீதிமன்றம் சென்றவர்களும் இருந்தனர். 1914-இல் கால்கரியில் சார்லஸ் டேனியல்ஸ் என்னும் ரயில்வே ஊழியர், சீட்டு வாங்கியிருந்தும் நாடகக் கொட்டகையின் கீழ்த்தளத்தில் அமர அனுமதிக்கப்படவில்லை. வழக்குத் தொடுத்து ஆயிரம் டாலர் இழப்பீடு பெற்றார். 1922-இல் எட்மன்டனில் லூலு ஆண்டர்சன் என்னும் பெண்மணி அத்தகைய வழக்கையே தொடுத்துத் தோற்றார். சட்டம் எழுத்தில் இல்லாதவிடத்து நீதி நீதிபதியின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கீஸ்டோனில் 1911-இல் குடியேறிய குடும்பமொன்றின் பேத்தி வயலட் கிங், 1929-இல் கால்கரியில் பிறந்தார். தந்தை ரயில் போர்ட்டர். அப்பெண் சட்டம் பயின்று 1954-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். கனடா நாட்டிலேயே வழக்கறிஞரான முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. அவருடைய சகோதரர் டெட் கிங், 1959-இல் கால்கரியில் ஒரு தங்கும் விடுதி இடம் மறுத்ததை எதிர்த்து வழக்காடினார். தோற்றார், ஆனால் சட்டத்தில் இருந்த ஓட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 1966-இல் ஆல்பர்ட்டாவில் மனித உரிமைச் சட்டம் வந்தது. சஸ்காச்சுவானோ 1947-இலேயே உரிமைச் சாசனம் இயற்றி முன் நின்றது.

ஊர் கலைந்தது எதனால்?

ஒரு காலத்தில் ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்த ஆம்பர் வேலி இன்று பெரும்பாலும் பெயரளவிலேயே இருக்கிறது. 1931-இல் அப்பெயருடன் வந்த அஞ்சலகம் 1968-இல் மூடப்பட்டது. எல்டனில் தேவாலயமும் அடக்கத்தலமும் எஞ்சியுள்ளன. அப்படியானால் மனு எழுதியவர்கள் சொன்னது பலித்துவிட்டதா? குளிர்தான் அவர்களை வென்றதா?

இல்லை. 1930-களில் உலகெங்கும் வந்த பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருளுக்கு விலையில்லாமற் போயிற்று. அடுத்து வந்த பெரும்போரின்போது நகரங்களில் வேலை பெருகியது. டோல்ஸ் பள்ளியில் எழுத்தறிந்த பிள்ளைகள் மேற்படிப்பும் வேலையும் நாடி எட்மன்டனுக்கும் கால்கரிக்கும் சென்றனர். சமவெளியில் ஆயிரக்கணக்கான வெள்ளையர் சிற்றூர்களும் அதே காலத்தில் அதே காரணங்களால்தான் வெறிச்சோடின. அந்த ஊர்களைப் பார்த்து ‘இவர்களுக்குத் தட்பவெப்பம் ஒத்துக் கொள்ளவில்லை’ என்று எவரும் எழுதவில்லை. முப்பது நாற்பது குளிர்காலங்களைத் தாங்கி நின்றவர்கள் புறப்பட்டது, பிள்ளைகளுக்கு நல்வாழ்வு தேடி. எந்த நோக்கத்தோடு ஓக்லஹோமாவிலிருந்து வந்தார்களோ அதே நோக்கத்தோடு.

1962-இல் கனடா தன் குடியேற்ற விதிகளிலிருந்து இனவேறுபாட்டை நீக்கத் தொடங்கியது. 1967-இல் கல்வி, தொழில், மொழி ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளிக்கும் முறை வந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பின்னர் நைஜீரியா, எத்தியோப்பியா, சோமாலியா போன்ற நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆல்பர்ட்டாவில் மட்டும் கறுப்பின மக்கள் 1,70,000-க்கும் மேற்பட்டோர். நிலநடுக்கோட்டின் அருகே பிறந்தவர்களும் எட்மன்டன் பனியிலே வண்டி ஓட்டி வேலைக்குச் செல்கின்றனர்.

புதிதாக வந்த இவர்களுள் பலர்க்கு, தமக்கு முன்னரே நூறாண்டுக்கு முன் இங்கே தம் நிறத்தவர் காடு திருத்தினர் என்னும் செய்தி தெரியாது. அதைத் தெரிவிக்க அந்தப் பழங்குடும்பங்களின் வழித்தோன்றல்களும் நண்பர்களும் முயன்றனர். டிரினிடாடில் பிறந்து அத்தாபாஸ்கா வட்டாரத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய செல்வின் ஜேக்கப், ஆம்பர் வேலியைப் பற்றி 1984-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அக்குடியேறிகளின் வழிவந்த எழுத்தாளர் செரில் ஃபாகோ 1990-இல் தம் குடும்பத்தின் கதையை நூலாக்கினார். கனடா அஞ்சல் துறை 2021-இல் ஆம்பர் வேலியின் நினைவாக ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அஞ்சலகம் மூடிய ஊருக்கு அஞ்சல்தலை!

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் கதையை நம் இல்லங்களில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். நம் பிள்ளைகள் இன்று அந்த நாட்டுக்கும் அதைப் போன்ற நாடுகளுக்கும் செல்கின்றனர். விமானத்தில் இறங்கும்போது அவர்களுக்கு வாய்க்கும் நேரான வரிசையும், கேட்கப்படும் நேரான கேள்வியும் தாமாக வந்தவை அல்ல. படிப்பு என்ன, தொழில் என்ன என்று கேட்கும் விதிக்கு முன்னர், தோல் என்ன என்று மட்டும் பார்த்த காலம் ஒன்றிருந்தது. அதை மாற்றியவர்களுள், சதுப்பு நிலத்தில் வேர் பெயர்த்த பெண்களும், ஜார்ஜ் என்று அழைக்கப்பட்டும் சொந்தப் பெயரை மறவாத ரயில் போர்ட்டர்களும் உண்டு. அந்தக் கடன் நம் பிள்ளைகள் கணக்கிலும் இருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. வெறுப்பு என்றைக்கும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. சில வேளை அது உடல்நலம் பேசும். சில வேளை பெண்களின் பாதுகாப்பைப் பேசும். சில வேளை உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம் என்று கருணை பேசும். 1911-இல் அது தட்பவெப்பம் பேசிற்று. நாமும் நம் தெருவில் வீடு கேட்டு வருபவர்க்கு, நம் கடையில் வேலை கேட்டு வருபவர்க்கு, ‘உங்களுக்கு இந்த இடம் ஒத்து வராது’ என்று சொல்லும் வேளைகளில், ஒத்து வராதது அவர்க்கா, நமக்கா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நலம்.

குளிர் எவரையும் தடுக்கவில்லை. வெள்ளையர் கூரை மீதும் கறுப்பர் கூரை மீதும் பனி ஒரே அளவாகத்தான் பெய்தது. எல்டனில் அந்த மரச்சுவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களைக் கண்டு இன்னும் நிற்கின்றன.